சுகரோட வாழ்றவங்களுக்கு இன்னொரு சுகர்காரர் ஏன் தேவை?

இந்த வாரம் சர்க்கரை நோயைப் பத்திப் பேசப் போறோம். "இது எங்க அப்பாவுக்கான எபிசோட்"னு ஃபேமிலி குரூப்ல ஃபார்வர்ட் பண்ணிட்டு நகர்ந்துடாதீங்க. 2023-ல வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி இந்தியாவுல சுமார் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருக்கு. இன்னும் 13.6 கோடி பேர் அதுக்கு முந்தின கட்டத்துல இருக்காங்க. உங்க டீம்ல, உங்க ஹாஸ்டல்ல, உங்க வீட்டுல கண்டிப்பா ஒருத்தராவது இருப்பாங்க. அது நீங்களாகவும் இருக்கலாம்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு வருஷத்துக்கு 8,760 மணி நேரம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை டாக்டரைப் பார்க்கிறீங்க, ஒவ்வொரு தடவையும் 15 நிமிஷம் கிடைக்குதுன்னு வெச்சுப்போம். கூட்டமான கிளினிக்ல அதுவே அதிகம்தான். ஆக, வருஷத்துக்கு ஒரு மணி நேரம். மீதி 8,759 மணி நேரம் உங்க சுகரைப் பார்த்துக்கப் போறது நீங்கதான்.

அந்த நேரத்துல வர்ற கேள்விகள் வேற மாதிரி இருக்கும். கல்யாணப் பந்தியில பாயசம் வேண்டாம்னு சொன்னா "ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு ஊத்துற அத்தைகிட்ட என்ன சொல்றது? ஆபீஸ்ல ஊசி போட்டுக்க பாத்ரூமுக்குத்தான் போகணுமா? மே மாசம் கரண்ட் போனா இன்சுலினை எங்கே வைக்கிறது? இதையெல்லாம் டாக்டர்கிட்ட கேட்க நமக்கே கூச்சமா இருக்கும். ஆனா அன்றாட வாழ்க்கையில நம்மள அலைக்கழிக்கிறது இதுங்கதான்.

இதுக்குத்தான் பியர் சப்போர்ட். ஒரே நோயோட வாழ்றவங்க ஒருத்தருக்கொருத்தர் துணையா இருக்கிறது. அது எங்கே உதவும், எங்கே ஆபத்தாகும்? இந்த எபிசோட் அதைப் பத்தித்தான்.

முதல்ல ரெண்டு வகை

டைப் 1-ல, கணையத்துல இன்சுலின் சுரக்கிற செல்களை உடம்போட எதிர்ப்புச் சக்தியே அழிச்சிடுது. பெரும்பாலும் சின்ன வயசுல வரும், பெரியவங்களுக்கும் வரலாம். ஸ்வீட் சாப்பிட்டதால வர்றது கிடையாது. வெளியிலிருந்து இன்சுலின் எடுத்தே ஆகணும், வேற வழி இல்லை.

டைப் 2-ல இன்சுலின் இருக்கும், ஆனா உடம்பு அதுக்குச் சரியா ஒத்துழைக்காது. போகப் போக சுரப்பும் குறையும். உணவு, நடை, மாத்திரை, சிலருக்கு இன்சுலின்னு சிகிச்சை போகும். இந்த வித்தியாசத்தை மனசுல வெச்சுக்கங்க. "எனக்குச் சரியாச்சு, உனக்கும் ஆகும்"ங்கிற பேச்சு எப்ப ஆபத்தாகும்னு புரிஞ்சுக்க இது வேணும்.

லேப் ரிப்போர்ட்ல வராத சோர்வு

மூணு மாசச் சராசரியைச் சொல்ல எச்பிஏ1சின்னு ஒரு டெஸ்ட் இருக்கு. ஆனா ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டைப் பார்த்துக் கணக்கு போடுறது, எண் கூடினா குற்ற உணர்ச்சி, லீவே இல்லாத ஒரு வேலை, இந்தச் சோர்வை அந்த டெஸ்ட் காட்டாது. இதுக்கு ஆங்கிலத்துல 'டயாபடீஸ் டிஸ்ட்ரெஸ்'னு பேர். மனச்சோர்வு நோய் வேற, இது வேற. இதை அளக்கிறதுக்குன்னே தனிக் கேள்வித்தாள் 1995-லயே வந்துடுச்சு.

இந்தச் சோர்வு முத்தினா என்ன ஆகும்? டெஸ்ட் பண்றதை நிறுத்துவாங்க, ஊசியைத் தள்ளிப் போடுவாங்க, டாக்டரைப் பார்க்காம நாளைக் கடத்துவாங்க. வெளியிலிருந்து பார்த்தா சோம்பேறித்தனம் மாதிரி தெரியும். வீட்டுல திட்டு விழும். திட்டு விழுந்தா இன்னும் மறைப்பாங்க. அந்த நேரத்துல "எனக்கும் இப்படி ஒரு மாசம் போச்சு"ன்னு இன்னொரு சுகர்காரர் சொல்றது பெரிய விடுதலை. அறிவுரை சொல்லாம, தீர்ப்பு சொல்லாம ஒருத்தர் கேட்கிறாருங்கிறதே பாதிச் சுமையை இறக்கும்.

அனுபவம் சொல்லித் தர்ற விஷயங்கள்

சரி, வெறும் ஆறுதல் மட்டும்தானா? இல்லைங்க. ரொம்ப நாளா சுகரோட வாழ்றவங்ககிட்ட ஒரு கைத்தொழில் அறிவு இருக்கு. சிலதைச் சொல்றேன்.

விரல்ல குத்தும்போது நடு நுனியில குத்தாம பக்கவாட்டுல குத்துங்க, வலி குறையும். டெஸ்டுக்கு முன்னாடி கையைக் கழுவித் துடைச்சிடுங்க. மாம்பழம் நறுக்கின கையோட டெஸ்ட் பண்ணா, விரல்ல ஒட்டியிருக்கிற சர்க்கரையும் சேர்ந்து மீட்டர் எண்ணை ஏத்திக் காட்டும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டினா வம்பு.

ஊசியைத் தினமும் ஒரே இடத்துல போடாதீங்க. வலி கம்மியா இருக்குன்னு பலரும் வயித்துல அதே இடத்தையே பிடிச்சுக்குவாங்க. அங்கே தோலுக்கடியில கட்டி மாதிரி கொழுப்பு சேரும். அந்தக் கட்டியில போட்ட இன்சுலின் ஒரு நாள் மெதுவா, ஒரு நாள் வேகமா இறங்கும். "சாப்பாடு மாறல, டோஸும் மாறல, சுகர் மட்டும் ஏன் இப்படித் துள்ளுது?"ன்னு குழம்புறவங்க, ஊசி போடுற இடத்தை ஒரு தடவை விரலால தடவிப் பாருங்க. கட்டி இருந்தா டாக்டர்கிட்ட காட்டுங்க. இடத்தை மாத்தினா பழைய டோஸே அதிகமாகி சுகர் இறங்கலாம்.

இன்சுலினை ஃப்ரீசர்ல வைக்கவே கூடாது. உறைஞ்ச இன்சுலின் குப்பைக்குத்தான். திறக்காததை ஃப்ரிட்ஜுக்குள்ள, ஃப்ரீசரை ஒட்டாம வைங்க. கரண்ட் இல்லாத நாள்ல பலருக்குக் கை கொடுக்கிறது நம்ம மண்பானைதான். தண்ணி கசிஞ்சு ஆவியாகிறதால உள்ளே குளிர்ச்சியா இருக்கும். விமானத்துல போனா இன்சுலினை கைப்பையில வைங்க. செக்-இன் பெட்டியில போட்டா உறைஞ்சு போகலாம்.

இன்னொண்ணு, நம்ம ஊர்ல ரொம்ப முக்கியம். இன்சுலின் குப்பி இங்கே ரெண்டு அடர்த்தியில கிடைக்குது: ஒரு மில்லிக்கு 40 யூனிட், ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சும் அதுக்கேத்த மாதிரி ரெண்டு வகை. 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பியிலிருந்து 40 யூனிட் சிரிஞ்சுல எடுத்தா, நீங்க நினைச்சதைப் போல ரெண்டரை மடங்கு உள்ளே போயிடும். மருந்துக்கடையில அவசரத்துல மாத்திக் கொடுக்க வாய்ப்பு உண்டு. வாங்கும்போதே குப்பியையும் மூடியையும் சேர்த்துப் பாருங்க.

வெளியில சொல்லலாமா?

இளைஞர்கள் மத்தியில இதுதான் பெரிய கேள்வி. வேலை போயிடுமோ, வரன் தட்டிப் போயிடுமோன்னு பயம். எல்லார்கிட்டயும் சொல்லணும்னு கட்டாயம் இல்லை. ஆனா இன்சுலினோ சுகரைக் குறைக்கிற சில மாத்திரைகளோ எடுக்கிறவங்க, பக்கத்துல இருக்கிற ஒருத்தர்கிட்டயாவது சொல்லி வைக்கணும். காரணம், லோ சுகர்.

சுகர் 70 மில்லிகிராமுக்குக் கீழே போனா கை நடுங்கும், வேர்க்கும், பசிக்கும், பேச்சு குழறும். அப்ப செய்ய வேண்டியது 15-15 முறை. 15 கிராம் வேகமா ஏறுற சர்க்கரை, அதாவது மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலக்கியோ அரை கிளாஸ் ஜூஸாகவோ எடுங்க. 15 நிமிஷம் கழிச்சு டெஸ்ட் பண்ணுங்க. ஏறலைன்னா திரும்பவும் அதே. சாக்லேட் இதுக்குச் சரிப்படாது. அதுல இருக்கிற கொழுப்பு சர்க்கரை ஏறுறதைத் தாமதப்படுத்தும். மயங்கிட்டாங்கன்னா வாயில எதையும் ஊத்தக் கூடாது, மூச்சடைக்கும். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு 108-க்கு போன் பண்ணுங்க.

பார்ட்டிக்குப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. மது குடிச்சா, ஈரல் ரத்தத்துக்குச் சர்க்கரை அனுப்புற வேலை தடைபடும். அதனால லோ சுகர் உடனே வராம, பல மணி நேரம் கழிச்சுத் தூக்கத்துல வரலாம். குழறுற பேச்சைப் பார்த்து "மச்சான் ஓவரா ஏத்திட்டான், தூங்கட்டும்"னு நண்பர்கள் விட்டுட்டுப் போனா, உயிருக்கே ஆபத்து. அந்த ஒரு நண்பருக்காவது விஷயம் தெரிஞ்சிருக்கணும்னு சொல்றது இதனாலதான்.

கல்யாணம், குழந்தைன்னு கேட்டா, டைப் 1 இருக்கிறவங்களும் ரெண்டையும் திட்டமிடலாம். பெண்கள் கர்ப்பத்துக்கு முன்னாடியே சுகரைக் கட்டுக்குள்ள கொண்டு வர்றது முக்கியம், அதை டாக்டரோட சேர்ந்து திட்டமிடணும். ஆனா 22 வயசுல பயந்து நிக்கிற பொண்ணுக்கு, குழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டு பம்ப்பும் மாட்டிக்கிட்டு நிக்கிற ஒரு அக்காவைப் பார்க்கிறது பத்து விளக்கத்துக்குச் சமம்.

அதே மாதிரி, சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வுல சர்க்கரை நோய் இருக்கிற மாணவர்கள் 2017-லிருந்து சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணி எல்லாம் ஹாலுக்குள்ள எடுத்துட்டுப் போகலாம். டாக்டர் சான்றிதழோட முன்கூட்டியே தெரிவிக்கணும். இந்த மாதிரி விஷயமெல்லாம் ஏற்கெனவே பரீட்சை எழுதின பிள்ளையோட அம்மா சொல்லித்தான் பல வீடுகளுக்குத் தெரிய வருது.

ஆராய்ச்சி என்ன சொல்லுது?

பக்கத்துல கேரளாவுக்கே போவோம். திருவனந்தபுரம் மாவட்டத்துல, சர்க்கரை நோய் வர வாய்ப்பு அதிகம் இருந்த 1,007 பேரை வெச்சு ஒரு பெரிய ஆய்வு நடந்துச்சு. உள்ளூர்க்காரங்களுக்கே பயிற்சி கொடுத்து, அவங்களை வெச்சு ஒரு வருஷம் குழுக் கூட்டங்கள் நடத்தினாங்க. முடிவு 2018-ல வெளியாச்சு. ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்தா, குழுவுல இருந்தவங்கள்ல 14.9 சதவீதம் பேருக்கும், மத்தவங்கள்ல 17.1 சதவீதம் பேருக்கும் நோய் வந்திருந்துச்சு. இந்த வித்தியாசத்தை வெச்சு "குழுவாலதான் குறைஞ்சது"ன்னு உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா காய்கறி, பழம் சாப்பிடுறது கூடுச்சு, குடிப் பழக்கம் குறைஞ்சுச்சு.

இதுல நமக்கு என்ன பாடம்? கூட்டாளிகள் மந்திரவாதிகள் இல்லை. தனியா மாத்த முடியாத பழக்கத்தைச் சேர்ந்து மாத்த உதவுவாங்க, அவ்வளவுதான். அதுவே சின்ன உதவி இல்லை.

கோடு எங்கே போடுறது?

ஒரே ஒரு விதி வெச்சுக்கங்க. 'எப்படி'ன்னு சக சுகர்காரர்கிட்ட கேளுங்க. 'எவ்வளவு'ன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. ஊசியை எப்படிப் பத்திரப்படுத்துறது, அத்தையை எப்படிச் சமாளிக்கிறது, நைட் ஷிஃப்ட்ல சாப்பாட்டை எப்படிப் பிரிச்சுக்கிறது, இதெல்லாம் 'எப்படி'. எத்தனை யூனிட், எந்த மாத்திரை, எப்ப நிறுத்துறது, இதெல்லாம் 'எவ்வளவு'. இன்னொருத்தரோட டோஸ் உங்க உடம்புக்கு அளவெடுத்த சட்டை இல்லை.

குறிப்பா டைப் 1 இருக்கிறவங்க, யாராவது "பாகற்காய் ஜூஸ் குடி, ஊசியை விட்டுடு"ன்னு சொன்னா அந்த குரூப்பை விட்டு வெளியே வந்துடுங்க. இன்சுலின் நின்னா ரத்தத்துல அமிலம் ஏறும். வாந்தி, வயித்து வலி, வேகமான ஆழமான மூச்சுன்னு ஆரம்பிச்சு சில நாள்லயே உயிருக்கு ஆபத்தாகும். காய்ச்சல் வந்து சாப்பிடவே முடியலைன்னாலும், இன்சுலினை நீங்களா நிறுத்தாதீங்க. டாக்டருக்கு போன் பண்ணுங்க.

நல்ல குழுவை எப்படிக் கண்டுபிடிக்கிறது? உங்க கிளினிக்ல இருக்கிற டயாபடீஸ் எஜுகேட்டர்கிட்ட கேளுங்க, உங்க வயசுல இன்னொருத்தரை அறிமுகப்படுத்த முடியுமான்னு. அவங்க சம்மதத்தோட ரெண்டு பேர் பேச ஆரம்பிச்சாலே அது குழுதான். சேர்ந்த பிறகு மூணு விஷயம் பாருங்க. யாராவது எதையாவது விற்கிறாங்களா? எண் கூடினவங்களைக் கேலி பண்றாங்களா? "டாக்டரைப் போய்ப் பாரு"ன்னு சொல்ற ஆள் அங்கே இருக்காரா? முதல் ரெண்டுக்கும் 'இல்லை', மூணாவதுக்கு 'ஆமா'ன்னா தாராளமா உட்காருங்க.

சுகர் இல்லாதவங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. நண்பர் தட்டுல என்ன இருக்குன்னு போலீஸ் வேலை பார்க்காதீங்க. "லோ ஆனா நான் என்ன செய்யணும்?"னு ஒரு தடவை கேட்டு வெச்சுக்கங்க. உங்க பைக்குள்ள ஒரு குளுக்கோஸ் பாக்கெட் போட்டு வைங்க. அது போதும்.

இந்த எபிசோட் பொதுவான தகவலுக்காகத்தான். உங்க சிகிச்சையில எந்த மாற்றமும் டாக்டரைக் கேட்டுத்தான் செய்யணும். அடுத்த வாரம் வேற ஒரு விஷயத்தோட வர்றேன்.