பழைய கேமராவும் நேரிய விலையும்

உறுப்பை அளந்து பார்த்த பின்னரே ஏற்றுக்கொள்வது திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழிற்கூடங்களின் ஒழுங்கு. அங்கு உழைக்கும் இளைஞர் தம் ஊதியத்தில் பழைய படச்சுருள் கேமரா வாங்கும்பொழுதும் அவ்வொழுங்கே வேண்டற்பாலது.

யாஷிகா மேட் 124ஜி என்னும் இரட்டை வில்லைக் கேமராவை எடுத்துக்கொள்வோம். ஜப்பானில் 1970 முதல் 1986 வரை உருவான இக்கருவி, 1901இல் கோடாக் அறிமுகப்படுத்திய 120 சுருளில் 6×6 செ.மீ. அளவில் 12 படங்கள் தரும்.

முதலில் வில்லையினூடே விளக்கொளியைக் காண்போம். ஈரக் காற்றில் படரும் பூஞ்சை வலைபோல் தெரியும். முற்றினால் அது கண்ணாடியையே அரிக்கும். அடுத்து, ஷட்டரை ஒரு நொடி வேகத்தில் இயக்குவோம். பழைய எண்ணெய் இறுகியிருப்பின் அது தயங்கும். ஒளிமானிக்குரிய பாதரச மின்கலம் இன்று விற்பனையில் இல்லை; ஆதலின் அதற்கென மிகுவிலை தரலாகாது. இயலுமாயின் ஒரு சுருளைப் படமெடுத்துக் கழுவியும் பார்த்தல் நன்று.

நன்கு இயங்கும் கருவியின் சந்தை விலையினின்று பழுதுபார்க்கும் கூலியைக் கழித்தால் எஞ்சுவதே நேரிய விலை. விற்பவர் குறையை மறைப்பது வஞ்சகம். மூடிய ஸ்டூடியோவின் கருவியை, அதன் மதிப்பறியாத முதியவரிடமிருந்து அற்ப விலைக்குப் பெறுவதும் அதற்குக் குறைந்த வஞ்சகமன்று. இருவர் மனமும் ஒப்பிய விலையே நிறைவு தரும்.