குறைந்த விலைக் கைத்துப்பாக்கியின் நம்பகத்தன்மையை அளப்பது எப்படி?

சுரண்டைச் சந்தையில் ரொக்கத்தோடு புழங்கும் வணிகர் ஒருவர் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி உரிமம் கேட்டுத் தென்காசி மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்தால், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் அவரை நுணுக்கமாகப் பரிசோதிக்கின்றன. காவல்துறை அறிக்கை, உண்மையான அச்சுறுத்தல் உண்டா என்ற விசாரணை, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்கான சான்று என எல்லாம் ஆளைப் பற்றிய கேள்விகளே. உரிமம் கிடைத்த பிறகு அவர் வாங்கப்போகும் கருவி, தேவைப்படும் நொடியில் வேலை செய்யுமா, தேவையில்லாத நொடியில் தானாக வெடிக்காமல் இருக்குமா என்ற கேள்விக்கு மட்டும் விலைப் பட்டியலையும் கடைக்காரரின் வாய்ச்சொல்லையும் தவிர அவரிடம் பெரிதாக எதுவும் இருப்பதில்லை. ஆனால் இந்தக் கேள்வி எண்களால் விடை காணத்தக்கது. நூறாண்டுகளுக்கு மேலாக உலகின் பல இடங்களில் அவ்வாறே விடை காணப்பட்டும் வருகிறது.

அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி என்பது, விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டாவை மட்டும் சுட்டுவிட்டு, அந்த வெடிப்பின் விசையைக் கொண்டே அடுத்த தோட்டாவைத் தானாகக் குழலுக்குள் ஏற்றிக்கொள்ளும் ஆயுதம். தோட்டா வெடித்ததும், துப்பாக்கியின் மேற்பகுதியாகிய ஸ்லைடு பின்னோக்கி ஓடுகிறது; எக்ஸ்ட்ராக்டர் எனப்படும் சிறு கொக்கி காலி உறையைக் குழலிலிருந்து பிடுங்கி எடுக்கிறது; உறை வெளியே எறியப்படுகிறது; சுத்தியல் மீண்டும் இழுபட்டு நிற்கிறது; சுருள்வில் ஸ்லைடை முன்னுக்குத் தள்ள, அது தோட்டாப் பெட்டியாகிய மேகசினின் மேலே காத்திருக்கும் தோட்டாவைத் தள்ளிக்கொண்டுபோய்க் குழலில் அடைக்கிறது. கண் இமைக்கும் நேரத்திற்குள் இத்தனையும் வரிசை பிறழாமல் நடந்தாக வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் ஆயுதம் நின்றுவிடும். அப்படி நிற்பதையே இக்கட்டுரை தடங்கல் என்று குறிக்கிறது. சுழலும் உருளையில் தோட்டாக்களை வைத்திருக்கும் ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை இன்னொரு முறை இழுத்தாலே அடுத்த தோட்டா முன்வந்து நிற்கும்; அரைத் தானியங்கியில் அந்தச் சலுகை இல்லை என்பதால்தான் அதன் தரம் பற்றிய பேச்சு பெரும்பாலும் தடங்கலைச் சுற்றியே நடக்கிறது.

தடங்கலுக்குப் பெரும்பாலும் காரணமாவது மக்கள் அதிகம் கவனிக்காத மேகசின்தான். மெல்லிய தகட்டை மடித்துச் செய்யப்படும் அதன் வாய்விளிம்பு சிறிது விரிந்தாலோ, உள்ளிருக்கும் சுருள்வில் தளர்ந்தாலோ, தோட்டா சரியான கோணத்தில் எழும்பாமல் குழல் வாயில் முட்டி நிற்கும். அடுத்த காரணம் தோட்டா. மருந்தின் அளவு குறைந்த தோட்டா ஸ்லைடை முழுத் தூரமும் தள்ளாது. தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் சிறு கிண்ணமாகிய பிரைமர் கெட்டியாக இருந்தால் சுடுமுள் குத்தியும் தீப்பற்றாது. எக்ஸ்ட்ராக்டரின் கூர்மை, குழலறையின் வழவழப்பு, பிடிப்பவரின் மணிக்கட்டு உறுதி ஆகியவை இவற்றுக்குப் பின்னர் வருகின்றன. குறைந்த விலைத் துப்பாக்கியில் உற்பத்தியாளர் பணத்தை மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் மேகசினிலும் உட்புற மெருகிலும்தான். வெளிப்பூச்சு பளபளக்கும், உள்ளே அரத்தின் தடம் அப்படியே இருக்கும்.

நம்பகத்தன்மையைச் சுட்டுப் பார்த்துத்தான் அறிய முடியும். ஆனால் எத்தனை தோட்டா சுட்டால் போதும் என்பதில்தான் பலர் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். ஐம்பது தோட்டா ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடினால் துப்பாக்கி நம்பகமானது என்று வாங்கியவர் நிம்மதி கொள்வது வழக்கம். புள்ளியியல் அந்த நிம்மதிக்கு இடம் தருவதில்லை. ஒரு தடங்கலும் நேராத சோதனையில், சுட்ட தோட்டாக்களின் எண்ணிக்கையால் மூன்றை வகுத்தால் கிடைப்பதே, தடங்கல் விகிதம் எவ்வளவு வரை இருக்கக்கூடும் என்பதன் மேல்வரம்பு. அதையும் 95 விழுக்காடு உறுதியோடுதான் சொல்லலாம். அதன்படி 50 தோட்டாவின் வெற்றி, நூற்றுக்கு ஆறு தடங்கல் வரை இருக்கக்கூடிய துப்பாக்கியையும் விலக்கிவிடாது. ஆயிரத்துக்கு ஒன்றுக்கு மேல் தடங்கல் இல்லை என்று அதே உறுதியோடு சொல்ல வேண்டுமானால் 3,000 தோட்டா தடங்கலின்றி ஓடியிருக்க வேண்டும். உரிமத்தில் குறித்த எண்ணிக்கைக்கு மேல் தோட்டா வைத்திருக்க முடியாத, ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு காட்ட வேண்டிய இந்திய உரிமதாரர் இந்தச் சோதனையைத் தாமே செய்வது நடவாத காரியம். ஆகவே இது தனிமனிதரின் பொறுப்பாக இருக்க முடியாது. நிறுவனங்கள் செய்து எண்ணை வெளியிட வேண்டிய வேலை.

அப்படிச் செய்த நிறுவனங்களின் வரலாறு நீண்டது. 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம், ஜான் பிரவுனிங் வடிவமைத்த கோல்ட் துப்பாக்கியையும் அதன் போட்டியாளரான சாவேஜ் துப்பாக்கியையும் தலா 6,000 தோட்டா சுட வைத்தது. நூறு தோட்டாவுக்கு ஒருமுறை ஆறவிட்டு, ஆயிரத்துக்கு ஒருமுறை துடைத்து எண்ணெயிட்டு நடந்த அந்தச் சோதனையில் கோல்ட் ஒருமுறையும் நிற்கவில்லை. சாவேஜ் 37 முறை நின்றது. அதே மாதம் 29-ஆம் தேதி கோல்ட் ஏற்கப்பட்டது. அதற்கு மூன்று மாதங்களுக்குள், 1911 ஜூன் 17 அன்று, செங்கோட்டை வாஞ்சிநாதன் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டபோது அவர் கையில் இருந்ததும் அதே பிரவுனிங்கின் பெயர் தாங்கிய, பெல்ஜியத்தில் செய்யப்பட்ட தானியங்கிக் கைத்துப்பாக்கிதான். அன்று உலகின் மிக நவீனக் கருவிகளுள் ஒன்றாக இருந்த அது, பொதிகை மலையடிவார மக்களின் நினைவில் இன்றும் இருக்கிறது.

1980-களின் தொடக்கத்தில் ஆஸ்திரிய ராணுவம் புதிய கைத்துப்பாக்கிக்கு விதித்த நிபந்தனைகளில் ஒன்று, முதல் 10,000 தோட்டாவில் 20 தடங்கலுக்கு மேல் கூடாது என்பது. அதுவரை கைத்துப்பாக்கியே செய்திராத குளோக் நிறுவனம் அதில் வென்றது. பிற்காலத்தில் அமெரிக்க ராணுவத்தின் எம்17 துப்பாக்கிக்கு விதிக்கப்பட்ட அளவு, சராசரியாக 2,000 தோட்டாவுக்கு ஒரு தடங்கல். பொதுமக்கள் வாங்கும் துப்பாக்கிக்கே இத்தகைய சோதனையைச் சட்டமாக்கிய இடம் கலிபோர்னியா. அங்கே 2001 முதல் ஒரு மாடல் விற்பனைக்கு வர வேண்டுமானால், மெருகேற்றப்படாத மூன்று துப்பாக்கிகள் தலா 600 தோட்டா சுட வேண்டும். முதல் 20 தோட்டாவில் ஒரு தடங்கலும் கூடாது. 600-இல் ஆறுக்கு மேல் கூடாது. ஆபத்து விளைவிக்கும் விரிசலோ முறிவோ எந்த உறுப்பிலும் தோன்றக் கூடாது. பிறகு ஒரு மீட்டருக்குச் சற்று மேலான உயரத்திலிருந்து ஆறு விதமான நிலைகளில் கான்கிரீட் தளத்தில் போடும்போதும் அது வெடிக்கக் கூடாது.

இந்த மூன்று அளவுகளையும் எட்டுத் தோட்டா கொள்ளும் ஒரு மேகசினுக்குப் பொருத்திப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். நூற்றுக்கு ஒரு தடங்கல் என்ற கலிபோர்னியாவின் எல்லையில் நிற்கும் துப்பாக்கி, நூறு மேகசினில் ஏறத்தாழ எட்டு மேகசினில் எங்கேனும் ஓரிடத்தில் நின்றுவிடும்; ஆஸ்திரிய அளவில் அது இரண்டுக்கும் குறைவு; எம்17-க்கான அளவில் ஒன்றுக்கும் குறைவு. உயிர் காக்க வாங்கும் கருவிக்கு முதல் அளவு தாராளமானதே. இருந்தும், அளவே இல்லாத சந்தையைவிட அது எவ்வளவோ மேல்.

விலைக்கும் நம்பகத்தன்மைக்கும் உள்ள உறவு பலரும் நினைப்பதுபோல் நேரானதில்லை. 1968-இல் அமெரிக்கா சிறிய மலிவுக் கைத்துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடுத்தபோது உள்நாட்டு உற்பத்தியைத் தொடவில்லை. அந்த இடைவெளியில், லாஸ் ஏஞ்சலிஸைச் சுற்றி, துத்தநாகக் கலவை உலோகத்தை அச்சில் வார்த்துத் துப்பாக்கி செய்யும் நிறுவனங்கள் முளைத்தன. 1970-இல் தோன்றிய ரேவன் ஆர்ம்ஸ் அவற்றுள் முன்னோடி. அதே வழியில் வந்த பிரைகோ நிறுவனத்தின் ஒரு மாடலில், பாதுகாப்புப் பூட்டை விடுவித்தால்தான் ஸ்லைடை இழுத்துத் தோட்டாவை வெளியே எடுக்க முடியும். 1994-இல் அவ்வாறு தோட்டாவை எடுக்க முயன்றபோது வெடித்து ஒரு சிறுவனின் உடல் செயலிழந்தது. 2003-இல் நடுவர் குழு நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளிக்க, அது திவாலானது. ஆனால் அதே துத்தநாகக் கலவையைக் கொண்டு ஓஹியோவில் ஹை-பாயின்ட் நிறுவனம் செய்யும் துப்பாக்கிகள், கனமாகவும் அழகற்றும் இருந்தாலும், வேலை செய்வன என்ற பெயரைப் பெற்றிருக்கின்றன. மறுபக்கம், தரத்துக்குப் பேர்போன சிக் சாவர் நிறுவனமே 2017 ஆகஸ்டில் தன் பி320 மாடல் குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் வெடிக்கக்கூடும் என்பது வெளிவந்தபின் இலவசமாக மாற்றித் தரும் திட்டத்தை அறிவிக்க நேர்ந்தது. பிரேசிலின் டாரஸ், கீழே விழுந்தால் வெடிப்பதாகத் தன் ஒன்பது மாடல்கள்மீது எழுந்த வழக்கை 2015-இல் தவறை ஒப்புக்கொள்ளாமலே சமரசத்தில் முடித்தது. விலை குறைவு தன்னளவில் குற்றமில்லை. எந்த உறுப்பில் விலையைக் குறைத்தார்கள் என்பதே கேட்க வேண்டியது.

இந்தியச் சந்தையின் இயல்பே வேறு. ராணுவமும் காவல்துறையும் பயன்படுத்தும் 9 மி.மீ. உள்ளிட்ட சில குழல் அளவுகள் சாதாரணக் குடிமகனுக்குத் தடைசெய்யப்பட்டவை. இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை பிரவுனிங் ஹை-பவரைப் பின்பற்றிச் செய்யும் 9 மி.மீ. துப்பாக்கி சீருடையாளருக்கு உரியது. குடிமகனுக்குப் பெரும்பாலும் எஞ்சுவது, 1899-இல் பெல்ஜியத்தில் பிறந்த .32 தோட்டா. அது வலுக்குறைவானது என்பதால் குழலைப் பூட்டாமல், ஸ்லைடின் எடையும் சுருள்வில்லின் விறைப்பும் மட்டுமே வெடிப்பைத் தாங்கும் எளிய அமைப்பு அதற்குப் போதும். உறுப்புகள் குறைவாக இருப்பதால் நன்றாகச் செய்தால் நம்பகத்தன்மைக்கு அது உதவும். அரசுத் தொழிற்சாலைகளின் 'அஷானி' இந்த அளவைச் சேர்ந்தது. 2021 அக்டோபர் 1 முதல் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு பொதுத்துறை நிறுவனங்களானபின், இஷாப்பூர், கான்பூர், திருச்சி ஆகிய ஊர்களின் துப்பாக்கித் தொழிற்சாலைகள் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்துள்ளன. உத்தரப்பிரதேசத்தின் ஹர்தோயில் வெப்லி அண்டு ஸ்காட் பெயரிலும், ஹரியானாவின் ஹிசாரில் ஜிண்டால் குழுமமும் டாரஸும் கூட்டாகவும் தொடங்கிய தனியார் முயற்சிகள் போட்டியைக் கொண்டுவருகின்றன. 1980-களின் நடுவில் குடிமக்களுக்கான இறக்குமதி நிறுத்தப்பட்டதால், அதற்கு முன் வந்த வெளிநாட்டுத் துப்பாக்கிகள் அரைநூற்றாண்டுப் பழமையோடு இன்றும் பெரும் விலைக்குக் கைமாறுகின்றன; அங்கே கொடுக்கப்படும் பணம் அரிதான பொருள் என்பதற்கான விலை, தேய்ந்த சுருள்வில்லுக்கும் அது சேர்த்தே கொடுக்கப்படுகிறது.

இங்கே விற்கப்படும் துப்பாக்கியில் பொறிக்கப்படும் தாங்குதிறன் முத்திரையைப் பலர் தரச் சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தம் தரும் தோட்டாவைச் சுட்டு, குழல் வெடிக்கவில்லை என்று உறுதி செய்வதே அந்தச் சோதனை. லண்டனில் 1637 முதலும் பர்மிங்காமில் 1813 முதலும் நடந்துவரும் மரபு அது. ஐரோப்பிய உடன்படிக்கை கைத்துப்பாக்கிக்கு 30 விழுக்காடு கூடுதல் அழுத்தத்தைக் கேட்கிறது. சுடுபவரின் கையும் கண்ணும் பிழைக்கும் என்பதற்கு அது உறுதி. ஐந்தாவது தோட்டா சிக்காது என்பதற்கு அது எவ்வகையிலும் உறுதியாகாது.

வாங்குபவர் கையில் எஞ்சுவது கவனம். உரிமம் பெற்ற விற்பனையாளரிடம், துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதி செய்தபின், குழலின் உட்புறத்தில் துருக்குழி உண்டா, ஸ்லைடு ஓடும் தடம் தேய்ந்து ஆடுகிறதா, எக்ஸ்ட்ராக்டரின் நுனி உடைந்திருக்கிறதா, மேகசின் தன் எடையிலேயே தடையின்றி விழுகிறதா என்று பார்க்கலாம். விசையை இழுத்தாலன்றிச் சுடுமுள் முன்னே நகராதபடி தடுக்கும் உட்பூட்டு அந்த மாடலில் உண்டா என்று கேட்பது, விலையைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி. உதிரி மேகசினும் சுருள்வில்லும் கிடைக்காத மாடலை எந்த விலைக்கும் தவிர்ப்பதே நல்லது. பராமரிப்பிலும் இப்பகுதிக்கு ஒரு தனிக் கவலை உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் சாரல் காற்று குற்றாலத்தை மகிழ்விக்கும் அதே ஈரத்தை இரும்பிலும் ஏற்றுகிறது. தோலுறைக்குள்ளேயே வைத்திருக்கும் துப்பாக்கி அந்த மாதங்களில் துருப்பிடிக்கும், அளவுக்கு மீறிப் பூசிய எண்ணெய் பிரைமருக்குள் கசிந்தால் தோட்டா செத்துவிடும். தேர்தல் அறிவிப்பின்போது காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்பப் பெறும் ஆயுதத்தையும் துடைத்துச் சரிபார்த்த பிறகே பயன்பாட்டுக்கு எடுக்க வேண்டும். மலிவு என்று சொல்லிக் கைமாறும் கள்ளத்துப்பாக்கியைப் பற்றித் தரம் பேசவே இடமில்லை; அது சிறைக்கு இட்டுச்செல்லும் குற்றம் என்பதோடு, அதன் குழல் எந்தச் சோதனையையும் கண்டதில்லை.

குடிமக்களுக்கு விற்கும் ஒவ்வொரு மாடலையும் 600 தோட்டாச் சோதனைக்கும் வீழ்த்திப் பார்க்கும் சோதனைக்கும் உட்படுத்தி, தடங்கல் எண்ணிக்கையை விலைப் பட்டியலிலேயே அச்சிடும்படி மத்திய உள்துறை அமைச்சகம் ஆயுத விதிகளில் ஒரு பிரிவைச் சேர்க்க வேண்டும். அதற்கான சுடுதளங்களும் தோட்டாவும் அரசின் சொந்தத் தொழிற்சாலைகளிலேயே இருக்கின்றன.