வாட்ஸ்அப்பில் சான்றிதழ் வந்து சேரவில்லையா?

போன வருடம் ஒரு பிள்ளையின் மதிப்பெண் பட்டியல் வாட்ஸ்அப்பில் எங்களுக்கு வரவேயில்லை. கல்வி உதவி மனு நின்றுபோனது. அனுப்பிய போனில் கடிகாரக் குறி அப்படியே இருந்ததை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை.

2 ஜிபி வரை ஃபைல் போகும் என்பதால், குறை பெரும்பாலும் இணைப்பில்தான். செய்தி சிறியது, சிக்னல் குறைந்தாலும் போய்விடும், ஃபைல் திணறும். வைஃபையை நிறுத்தி மொபைல் டேட்டாவில் அனுப்பிப் பாருங்கள். போனில் தேதி, நேரம் தவறாக இருந்தாலும் இணைப்பு கிடைக்காது, இதைப் பலர் பார்ப்பதில்லை. இடம் நிறைந்திருந்தால் பழைய ஜும்ஆ முபாரக் படங்களைக் கொஞ்சம் அழியுங்கள்!

சான்றிதழை போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், மதிப்பெண் மங்கும். 'டாக்குமென்ட்' என்பதைத் தொட்டு அனுப்புங்கள். ஒரு டிக் போதாது, இரண்டு டிக் விழ வேண்டும். விழவில்லையென்றால் கோட்டைமேடோ கரும்புக்கடையோ, அஸருக்குப் பிறகு ஜெராக்ஸை அலுவலகத்திலேயே கொடுத்துவிடுங்கள்.