இடி முழங்குமுன்

ஐப்பசித் திங்களின் பிற்பகற் போதிலே திருகோணமலைத் துறைமுகக் கரையில் நிற்பவர் வானத்தின் விந்தையைக் கண்டறிவர். நண்பகல் வரை கண்ணாடிபோற் கிடந்த கொட்டியாரக் குடாவின்மேல், நிலப்பக்கமிருந்து முகில் மலையென எழும். சிறிது பொழுதுள் மின்னலும் இடியும் உடன்வரும். இரு பருவக்காற்றுகட்கும் இடைப்பட்ட சித்திரையும் ஐப்பசியுமே இலங்கையில் இடிமின்னல் மிகுந்த காலங்கள்.

பல்லாண்டுகட்குமுன், என்னிடம் தமிழ் பயின்ற மாணாக்கன் ஒருவன் அத்தகையதொரு மாலையில், வள்ளத்தில் நின்று வலை வாங்குகையில் மின்னலுக்கு இரையானான். "பண்டிதர், அரை மணித்தியாலம் முந்தி ஆராவது சொல்லியிருந்தாப் பிள்ளை கரைக்கு வந்திருப்பானே" என்றார் அவன் தந்தையார். என் ஏட்டுக்கல்வி அவருக்கு விடையிறுக்க உதவவில்லை.

அந்த அரை மணித்தியாலத்தையே தேடிச் சென்றுள்ளனர் சுவிற்சர்லாந்து நாட்டு லோசான் நகர்த் தொழினுட்பக் கல்விக்கழக ஆய்வாளர். 2019இல் வெளிவந்த அவர்தம் ஆய்வு, வளியமுக்கம், வெப்பநிலை, சார்பீரப்பதன், காற்றின் வேகம் என்னும் நான்கை மட்டுமே கைக்கொண்டது. 12 நிலையங்களிற் பத்தாண்டளவு திரண்ட பதிவுகளையும், மின்னல் வீழ்ந்த இடங்களையும் கணினிக்குக் காட்டினர். அது, 30 கிலோமீற்றர் சுற்றுவட்டத்துள் மின்னல் தோன்றுமா என்பதை 10 முதல் 30 நிமிடம் முன்னதாக, ஏறத்தாழ ஐந்துக்கு நான்கு முறை சரியாகக் கூறிற்று.

இதனை இயந்திரக் கற்றல் என்பர். ஆசிரியராகிய எமக்கு இது புதிதன்று. வினாவையும் விடையையும் சேர்த்துப் பலமுறை காட்டுகின்றோம். பின்னர், முன் காணாத வினாவைக் கொடுத்துச் சோதிக்கின்றோம். மனப்பாடம் செய்தவன் அங்கே தோற்பான். உட்பொருள் உணர்ந்தவன் வெல்வான். கணினிக்கும் அதே சோதனைதான்.

ஆயின், அல்ப்ஸ் மலையடிவாரத்து இடியைப் பயின்ற கணினி, கோணேசர் மலையடிவாரத்து இடியை அறியாது. இங்கே கடற்காற்று வேறு, ஈரம் வேறு. இவ்வூரிலும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அவதானிப்பு நிலையம் உண்டு. இந்நிலத்துப் பதிவுகளைக் கொண்டே அதற்குப் பாடம் புகட்டல் வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உளது. வாராத இடிக்கு எச்சரித்தால் மீனவன் ஒரு நாட் பிழைப்பை இழப்பான். இருமுறை ஏமாந்தவன் மூன்றாம் முறை செவிகொடான். வரும் இடியைச் சொல்லாது விட்டாலோ உயிரே போம். ஆதலின் எச்சரிக்கை எத்துணை முறை பிழைக்கும் என்பதையும் மறையாது மொழிதல் முறை. அரை மணித்தியாலம் குடாவுக்குள் நிற்கும் வள்ளத்துக்குப் போதும். ஆழ்கடல் சென்ற படகுக்குப் போதாது.

முகிலின் நிறமும் காற்றின் திருப்பமும் கண்டு கரைதிரும்பும் முதியோர் மூதூரிலும் கிண்ணியாவிலும் இன்றும் உளர். மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட வினாடிகளை எண்ணி மூன்றால் வகுத்து, இத்தனை கிலோமீற்றர் தொலைவென மாணாக்கரும் அறியலாம். எனினும் இடியோசை கேட்டபின் எண்ணுவது காலந்தாழ்ந்த கணக்கே. முழங்குமுன் அறிதலே தேவை.

யான் வேண்டுவது ஒன்று. அவ்வெச்சரிக்கை மீனவன் கைத்தொலைபேசிக்கு நல்ல தமிழில், ஒரே வரியில் வருதல் வேண்டும். "இடி வருகிறது, கரைக்கு வா" என்னும் அளவே போதும். அவ்வரியை எழுதித்தரப் பண்டிதர் எவரும் தேவையில்லை. எனினும், கேட்டால் யான் மகிழ்ந்து எழுதித் தருவேன்.