ஆறாயிரமாம் இலக்க அணி

பாடசாலை விட்டதும் பிள்ளைகள் எங்கே செல்வர் என்று கேட்டால், "வீட்டுக்கு" என்று தயக்கமின்றி விடை கூறுவோம். அவ்விடையைக் கூற இயலாது தலைகுனியும் சிறுவர் சிறுமியர் பல்லாயிரவர் செல்வச் செழிப்பிற்குப் பெயர்போன நியூயோர்க் மாநகரில் உளர் என்பது நேயர்கள் சிலருக்கு வியப்பளிக்கலாம்.

தங்க இடமின்றி வருவோருக்குப் புகலிடம் அளிக்கும் கடமை, 1981ஆம் ஆண்டு நீதிமன்றத்தில் ஏற்பட்ட உடன்பாடொன்றினால் அந்நகர ஆட்சியைச் சார்ந்தது. முதலில் ஆடவருக்கென ஏற்பட்ட அவ்வுரிமை, பின்னர் பெண்டிருக்கும் குடும்பங்களுக்கும் விரிந்தது. ஆயினும், ஒரு புகலிடத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றப்படுந்தோறும் பிள்ளை தன் தோழியரை இழக்கிறது. இன்று பழகியவர் நாளை இலர் என்றறிந்த குழந்தை, எவரோடும் நெருங்கிப் பழக அஞ்சுகிறது.

இக்குறையைத் தன் வாழ்விலேயே கண்டவர் ஜிசெல் பேர்ஜெஸ் என்னும் தாய். நியூயோர்க் பெண் சாரணியர் சங்கத்தில் ஊழியம் புரிந்த அவர், குடியிருந்த வாடகை வீடு விற்கப்பட்டமையால், ஐந்து பிள்ளைகளுடன் குயீன்ஸ் பகுதியில் ஹோட்டலொன்றில் அமைந்த புகலிடத்தை அடைந்தார். ஊழியம் இருந்தும் வீடில்லை! 2017ஆம் ஆண்டு, தம் புதல்வியரையும் அங்கிருந்த வேறு சில சிறுமியரையும் சேர்த்து அவர் தொடங்கியதே ஆறாயிரமாம் இலக்கச் சாரணியர் அணி.

சங்கம் சந்தாவையும் சீருடையையும் ஏற்றது. நகர ஆட்சி இடமும் பொருளும் உதவியது. பொதுமக்கள் நன்கொடை ஈந்தனர். புகலிடங்களில் வாழும் அன்னையரே பயிற்சி பெற்றுத் தலைவியராயினர். ஆண்டு முடியுமுன் அணி பல புகலிடங்களுக்குப் பரவிற்று.

இவ்வேற்பாட்டின் நுட்பம் ஒன்றுண்டு. புகலிடங்கள் பலவாயினும் அணியின் இலக்கம் ஒன்றே. இடம் மாறும் சிறுமி புதிய இடத்திலும் அதே இலக்கத்தைத் தோளில் அணிகிறாள். அங்கும் அவள் அந்நியள் அல்லள். நிலையான வீடு கிடைத்த பின்னரும் அணியோடு கொண்ட தொடர்பு அறுவதில்லை.

2018ஆம் ஆண்டு, சாரணியர் மரபின்படி இச்சிறுமியரும் யூனியன் சதுக்கத்தில் பிஸ்கற் விற்க முன்வந்தனர். 6,000 பெட்டிகளே இலக்காயிருக்க, 32,000க்கும் மேற்பட்டவை விலைபோயின! இரக்கத்தால் வாங்கினோரும் இருந்திருப்பர். எனினும் கணக்குப் பார்த்து, காசெண்ணி, வந்தோரை வரவேற்றுத் தம் உழைப்பின் பயனைக் கண்டவர் அச்சிறுமியரே.

சாரணியர் அணி எவருக்கும் வீடு கட்டித் தராது. உயரும் வாடகையும் குறைந்த ஊதியமும் உள்ளவரை புகலிடங்கள் நிறைந்தே இருக்கும். அதற்கு மருந்து ஆட்சியாளரிடமே உண்டு. ஆனால் அம்மருந்து வந்து சேரும்வரை குழந்தையின் வயது காத்திராது. பத்து வயது ஒருமுறையே வரும். அதனை வெறுமையாகக் கழியவிடாது காப்பது, அயலார் சிலர் கைகோத்தால் இயலுவதொன்றே.