கல்லும் கணக்கும் – 9: மிஷின் நின்றால் யாருக்கு போன்?

ஒரு ஒப்பந்ததாரரின் கையிருப்பு என்ன என்பது வங்கிப் புத்தகத்தில் தெரியாது. தளம் போடுகிற நாளில் தெரிந்துவிடும்.

ஆயிரம் சதுர அடித் தளம் என்று வைத்துக்கொள்வோம். சென்ட்ரிங் ஷீட்டுக்கு எண்ணெய் தடவி, கம்பி கட்டி, கவர் பிளாக் வைத்து, இன்ஜினியர் வந்து பார்த்துச் சரி சொல்லிவிட்டார். காலை ஏழு மணிக்கு முதல் கலவை மேலே போகிறது. பாதித் தளம் தாண்டும்போது மிக்ஸர் மிஷின் இருமி, புகை கக்கி, நின்றுவிடுகிறது. போட்ட கான்கிரீட் யாருக்காகவும் காத்திருக்காது. அதன் ஓரம் இறுகிய பிறகு புதுக் கலவையைக் கொண்டுவந்து ஒட்டினால் இரண்டும் ஒன்றாகப் பிடிக்காது. நாளை மழை பெய்தால் ஒழுகப்போவது அந்தக் கோட்டில்தான். கீழே முப்பது பேர் சட்டியை வைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். வீட்டுக்காரர் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஒப்பந்ததாரர் போனை எடுக்கிறார்.

"அண்ணே, மிஷின் படுத்துருச்சு. தளம் பாதியில நிக்குது."

"எனக்கு நாளன்னைக்குத்தான் தளம். மிஷின் சும்மாதான் கெடக்கு. டிராக்டரை அனுப்பு, வாட்ச்மேன்கிட்ட சொல்லிடுறேன்."

"வாடகை..."

"முதல்ல தளத்தைப் போட்டு முடி தம்பி. அதெல்லாம் அப்புறம்."

அந்த அண்ணன் இவருக்கு உறவில்லை. போன மாதம் ஒரு பள்ளிக்கூட டெண்டரில் இவரைவிடக் குறைவாகப் போட்டு வேலையை எடுத்துக்கொண்டவரே அவர்தான்.

இந்த வாரம் பேச வந்தது இதைப் பற்றித்தான். தொழில் தொடர்பு என்றதும் நட்சத்திர ஓட்டல் மண்டபம், கழுத்தில் தொங்கும் அட்டை, கைமாறும் விசிட்டிங் கார்டு என்று ஒரு படம் வரும். அதில் தவறில்லை, பஃபே நன்றாகவே இருக்கும். ஆனால் கட்டடத் தொழிலில் பணமாக மாறுகிற தொடர்பு பெரும்பாலும் வேறு இடத்தில் உருவாகிறது.

காரணம் தொழிலின் அமைப்பு. ஒரு பஞ்சாலைக்கு அதே வாசல், அதே இயந்திரம், ஏறக்குறைய அதே ஆட்கள். கட்டடக்காரருக்கு ஒவ்வொரு வேலையும் புது ஆலை. புது மண், புது உரிமையாளர், புது வரைபடம். கொத்தனார், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங்காரர், பிளம்பர், எலக்ட்ரீஷியன், டைல்ஸ் ஒட்டுபவர், பெயின்டர் என்று பத்துப் பன்னிரண்டு குழுக்கள் சில மாதங்கள் கூடி, வேலை முடிந்ததும் கலைந்துவிடுகின்றன. இத்தனை பேரையும் மாதச் சம்பளத்தில் வைத்திருக்க எந்தச் சிறு ஒப்பந்ததாரராலும் முடியாது. வேண்டும்போது வரவழைக்கத் தெரிந்தால் போதும். அந்தத் தெரிதலுக்குத்தான் இங்கே விலை.

முதலில் கடன். பில் தொகை வருவதற்குள் கம்பிக்கடைக்கும் சிமென்ட் கடைக்கும் கணக்கு ஏறிவிடும். வங்கி சொத்துப் பத்திரம் கேட்கும். கடைக்காரர் ஒரே கேள்வி கேட்பார்: "யார் சொல்லி வந்தீங்க?" அவருக்குத் தெரிந்த ஒருவர் பெயரைச் சொன்னால் பத்து டன் கம்பி இறங்கும். சொல்லத் தெரியாதவருக்கு ரொக்கம்தான். இதில் தர்மம் ஒன்றும் இல்லை. கடன் விலைக்கும் ரொக்க விலைக்கும் வித்தியாசம் உண்டு, வட்டி அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். கடைக்காரர்களுக்குள்ளும் ஒரு தொடர்பு உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரு கடையில் பாக்கி வைத்துவிட்டு அடுத்த தெருக் கடைக்குப் போகிறவரைப் பற்றிய தகவல், அவருக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

அடுத்து ஆட்கள். இன்று தமிழ்நாட்டுக் கட்டட வேலையில் பீகார், ஒடிசா, மேற்கு வங்கத் தொழிலாளர்கள் எவ்வளவு பேர் என்பதை எந்த சைட்டிலும் காது கொடுத்தால் தெரியும். ஒரு குழுவுக்கு இங்கே வேலை முடிகிறது, அடுத்த வேலை தொடங்கப் பத்து நாள் ஆகும் என்றால் அவர்கள் ரயில் ஏறிவிடுவார்கள். பிறகு எப்போது வருவார்கள், வருவார்களா என்பது சொல்ல முடியாது. விவரமான ஒப்பந்ததாரர் அந்தப் பத்து நாளுக்குக் குழுவை இன்னொருவரின் சைட்டுக்கு அனுப்பிவைப்பார். அவருக்கு ஆள் கிடைத்தது, தொழிலாளிக்குக் கூலி விட்டுப்போகவில்லை, இவருக்குக் குழு கையை விட்டுப் போகவில்லை.

இவற்றையெல்லாம்விட அதிக லாபம் தருவது கெட்ட செய்தி என்பது என் கருத்து. எந்த உரிமையாளர் கடைசி பில்லை இழுத்தடிப்பார், குறைபாட்டுக் காலத்துக்கென்று நிறுத்தி வைத்த தொகையை எந்த அலுவலகத்தில் கேட்டு நடக்க வேண்டும், எந்த ஆர்க்கிடெக்ட் சுவர் எழும்பிய பிறகு ஜன்னலை நகர்த்துவார். வீடு வாங்குகிறவர் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் (ரெரா) இணையதளத்தில் திட்டத்தின் பதிவைத் தேடிப் பார்க்கலாம். அந்தத் திட்டத்தைக் கட்டிக்கொடுத்தவருக்குப் பணம் ஒழுங்காக வந்ததா என்பதைத் தேட எந்தத் தளமும் இல்லை. அதைத் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும். எடுக்காமல் விட்ட ஒரு வேலை, எடுத்த மூன்று வேலைகளின் லாபத்தைக் காப்பாற்றிக் கொடுக்கும்.

சட்டமும் வரியும் மாறும்போதும் இதே கதைதான். அரசு ஒப்பந்தப் பணிகள் பலவற்றுக்கான ஜி.எஸ்.டி. 2022 ஜூலையில் 12 சதவீதத்திலிருந்து 18 ஆக உயர்ந்தது. பழைய விகிதத்தில் கணக்குப் போட்டு ஒப்பந்தம் எழுதியவர்கள், கூடுதல் 6 சதவீதம் யார் தலையில் என்று தவித்தார்கள். கட்டுநர் சங்கத்தில் இருந்தவர்களுக்கு மனு எப்படி எழுதுவது, யாரிடம் கொடுப்பது என்று சொல்ல ஆள் இருந்தது. தனியாக இருந்தவருக்கு ஆடிட்டர் மட்டும்தான்.

பெரிய நிறுவனங்களின் தொடக்கத்திலும் இப்படிச் சில அறிமுகங்கள் இருக்கின்றன. ஹென்னிங் ஹோல்க்-லார்சன், சோரன் டூப்ரோ இருவரும் டென்மார்க்கிலிருந்து சிமென்ட் ஆலை இயந்திரங்கள் தொடர்பாக இந்தியா வந்த பொறியாளர்கள். டூப்ரோ வந்தது கோவையை அடுத்த மதுக்கரை ஆலை வேலைக்கு. 1938-ல் பம்பாயில் இருவரும் சேர்ந்து தொடங்கிய அலுவலகத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உட்கார முடியும் என்று அந்த நிறுவனத்தின் வரலாற்றில் சொல்வார்கள். போர் வந்து இறக்குமதி நின்றது. டாடா குழுமத்தின் சோடா சாம்பல் ஆலையை நிறுவ வேண்டிய ஜெர்மானியப் பொறியாளரால் வேலையைத் தொடர முடியாமல் போக, அது இவர்கள் கைக்கு வந்தது. 1944-ல் கட்டுமானத்துக்கென்றே இ.சி.சி. என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். திறமை இல்லாமல் லார்சன் அண்டு டூப்ரோ என்கிற எல் அண்டு டி வளரவில்லை, உண்மை. ஆனால் அந்தத் திறமையை ஆலைக்காரர்கள் முன்பே அறிந்திருக்க வேண்டுமே.

சரி, கூடிப் பேசுவது எப்போதும் நல்லதுதானா? சிமென்ட் கதையைக் கேளுங்கள்.

1941-ல் தொடங்கிய இந்தியக் கட்டுநர் சங்கம், சிமென்ட் நிறுவனங்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு விலையை ஏற்றுகின்றன என்று 2010-ல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தது. தனி ஒப்பந்ததாரர் எவரும் கொடுத்திருக்க முடியாத புகார் அது. கொடுத்தவருக்கு மறுநாள் மூட்டை கிடைக்காது. சங்கத்தின் பெயரில் கொடுத்ததால் கொடுக்க முடிந்தது. 2012 ஜூனில் ஆணையம் 11 நிறுவனங்களுக்குச் சுமார் 6,300 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2015-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்து திருப்பி அனுப்பியது. 2016-ல் ஆணையம் மறுபடி அபராதம் போட்டது, 2018-ல் தீர்ப்பாயம் அதை உறுதிசெய்தது, நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் போயின.

இதில் கவனிக்க வேண்டியது, ஆணையம் குற்றம் கண்ட இடம். சிமென்ட் உற்பத்தியாளர் சங்கத்தின் கூட்டங்களும், அங்கே பரிமாறப்பட்ட விலை, உற்பத்தி விவரங்களும்தான் உத்தரவில் பெரிய இடம் பிடித்தன. புகார் கொடுத்ததும் ஒரு சங்கம், மாட்டியதும் ஒரு சங்கம். நம் ஊர்களில் டெண்டருக்கு முதல் நாள் இரவு கூடி, இந்த வேலை உனக்கு, அடுத்தது எனக்கு என்று பங்கு வைக்கிற சிண்டிகேட் இதன் சின்ன வடிவம்தான். அப்படிப் பங்கு வைக்கிற செலவு, போடுகிற சாலையின் தடிமனில் கழிகிறது.

இன்னொன்றும் உண்டு. டீக்கடையிலும் இரவுச் சாப்பாட்டிலும் வளரும் இந்தத் தொடர்பு எல்லோருக்கும் திறந்த கதவல்ல. சாதி, ஊர், உறவு பார்த்துத்தான் பல இடங்களில் பெயர் பரிந்துரைக்கப்படுகிறது. முதல் தலைமுறைப் பொறியாளருக்கும், சொந்தமாகத் தொழில் தொடங்கும் பெண்ணுக்கும் கம்பிக்கடைக்காரரின் "யார் சொல்லி வந்தீங்க?" ஒரு சுவர். அவர்களுக்கு ஊரில் இயங்கும் பொறியாளர் சங்கமோ கட்டுநர் சங்கமோதான் நேர்வழி. மாதக் கூட்டம், சந்தா, பதிவேடு என்று எல்லாம் வெளிப்படையாக நடக்கிற இடத்தில் அறிமுகம் கேட்பதற்கு யாருடைய மச்சானாகவும் இருக்க வேண்டியதில்லை.

புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் வாசகர்களுக்கு: இரவல் மிக்ஸரைக் கழுவி, டீசல் நிரப்பித் திருப்பி அனுப்புங்கள். சின்னக் கடைப் பாக்கியை முதலில் தீருங்கள். பணம் தராத உரிமையாளரைப் பற்றி ஒருவர் கேட்டால், உங்களுக்கு நடந்ததை மட்டும் சொல்லுங்கள், கேள்விப்பட்டதைச் சேர்க்காதீர்கள். சங்கக் கூட்டத்தில் ஆள் எங்கே கிடைக்கும், பில் எங்கே நிற்கிறது என்று தாராளமாகப் பேசலாம். வரும் டெண்டருக்கு யார் எவ்வளவு போடுவது என்று ஒருவர் பேச்செடுத்தால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள். போட்டிச் சட்டம், 2002-ன்படி அது அபராதத்துக்குரிய செயல். அந்த அறையில் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்ற பதில் அங்கே எடுபடாது.

(தொடரும்)