கண்ணாடிக்குள் இருந்து வந்த சங்கு!

திருச்செந்தூர் போனால் கடையில் சங்கு பார்க்காமல் திரும்ப மாட்டீர்கள்தானே ஃப்ரெண்ட்ஸ்? அடுத்த முறை சாதா சங்கு ஒன்றைக் கண்ணாடி முன்னால் பிடியுங்கள். உள்ளே தெரிவது... வலம்புரி!

மன்னார் வளைகுடாவில் சங்கு குளிக்கிறவர்கள் எடுத்து வருவது கிட்டத்தட்ட எல்லாமே இடம்புரிதான். அபூர்வமாக ஒன்று எதிர்ப்பக்கமாகச் சுருண்டு வளர்ந்துவிடும். அதே இனம்தான், கண்ணாடி பிம்பம் நிஜமாகவே கைக்கு வந்த மாதிரி!

பிரதிபலிப்பு ஒரு வடிவத்தின் நீளம், கோணம், பரப்பளவு எதையும் தொடாது. சுற்றும் திசையை மட்டும் மாற்றிப் போடும். மேட்ரிக்ஸ் படிப்பவர்களுக்கு: அதன் டிடர்மினன்ட் மைனஸ் 1. அந்த மைனஸ்தான் மொத்த விஷயமும்.

'சங்கைத் திருப்பிப் பிடிச்சா வலம்புரி ஆகிடாதா பாஸ்?' ஆகாது. கீழ்க்கோடு நீளமாக ஒரு 'ட' எழுத்தைப் பேப்பரில் வெட்டுங்கள். அதன் கண்ணாடி பிம்பத்தையும் வெட்டி, இரண்டையும் மேஜையில் வைத்து நகர்த்துங்கள், சுழற்றுங்கள். பொருந்தவே பொருந்தாது. ஒன்றைத் தூக்கிக் கவிழ்த்து வைத்தால்... டக்கென்று பொருந்தும்! தூக்குவதற்கு மூன்றாவது பரிமாணம் தேவைப்பட்டது, கவனித்தீர்களா? சங்கு ஏற்கெனவே முப்பரிமாணப் பொருள். அதைக் 'கவிழ்க்க' நான்காவது பரிமாணம் வேண்டும். 1827-லேயே இதைச் சொன்னவர் ஜெர்மன் கணித மேதை மோபியஸ்.

ஒரு குழப்பம் உண்டு. நாம் சங்கின் மூக்கு மேலே இருக்கும்படி, வாய் நம்மைப் பார்க்கும்படி பிடிக்கிறோம். வாய் வலப்பக்கம் இருந்தால் வலம்புரி. விலங்கியல்காரர்கள் தலைகீழாக, சுருள் முனை மேலே இருக்கப் பிடிப்பார்கள். அதனால் நம் வலம்புரி அவர்களுக்கு இடதுகைச் சங்கு! பெயர்தான் மாறுது, சுருள் மாறலை.

இதில் காசு விஷயமும் இருக்கிறது. அமெரிக்கக் கடலில் ஒரு வகைச் சங்குக்கு இயல்பே எதிர்ச்சுருள்தான். அங்கே அது சர்வ சாதாரணம். இங்கே வலம்புரி என்று விலை பேசப்படுகிறது. காதில் வைத்து 'ஓம்' கேட்குதா என்று பார்ப்பதெல்லாம் வேலைக்கு ஆகாது, எல்லாச் சங்கிலும் இரைச்சல் கேட்கும். வாய்க்குள், நடுத்தண்டைத் தடவிப் பாருங்கள். நம்ம ஊர்ச் சங்கில் 3, 4 மடிப்புகள் வரிவரியாகத் தட்டுப்படும். கண்ணாடி மடிப்புகளை அழிக்காது, பக்கம்தான் மாற்றும். விரலுக்கு வழவழவென்று இருக்கிறதா? மரியாதையாகக் கீழே வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்!